ஹெபடைடிஸ் சி பரிசோதனையில் 'ரியாக்டிவ்' என்று வந்திருக்கிறது: எனக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

கேள்வி – வைகறை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இப்போது 30-ஆவது வாரம் நடக்கிறது. இது இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தைக்கு நான்கு வயது ஆகிறது. அந்தக் கர்ப்பத்தில் எனக்கு ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. ஆகிய இரண்டுக்கும் இரத்தம் எடுத்தார்கள், இரண்டும் இல்லை என்று வந்தது. ஹெபடைடிஸ் சி பரிசோதனை அப்போது செய்யப்படவில்லை என்பதைப் பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்த முறை வேறு மருத்துவமனையில் பதிவு செய்திருக்கிறேன். அங்கு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்வது வழக்கமாம். மூன்று நாள்களுக்கு முன் கையில் கொடுத்த தாளில், மற்ற எல்லா வரிகளும் மெல்லிய எழுத்தில் இருக்க, ஆன்டி எச்.சி.வி. என்ற ஹெபடைடிஸ் சி பரிசோதனை வரி மட்டும் தடித்த எழுத்தில் 'ரியாக்டிவ்' என்று அச்சாகியிருந்தது.

மருத்துவர் பரபரப்பான நேரத்தில் இருந்தார். இன்னொரு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அடுத்த வருகையின்போது பேசிக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த வருகைக்கு இன்னும் பதினோரு நாள்கள் இருக்கின்றன. அதுவரை இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

எனக்கு மஞ்சள் காமாலை வந்ததில்லை, உடலில் எந்தத் தொந்தரவும் இல்லை. சிறு வயதில் ஒரு அறுவை சிகிச்சை நடந்தது, அப்போது இரத்தம் ஏற்றினார்களா என்பது வீட்டில் யாருக்கும் உறுதியாக நினைவில்லை. இது எப்படி வந்தது என்ற கேள்வியை வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்கிறார்கள், அந்தக் கேள்வியில் இருக்கும் சந்தேகம் என்னை மிகவும் வருத்துகிறது.

தெரிந்தவர்கள் தயவு செய்து தெளிவுபடுத்துங்கள். இந்த முடிவுக்கு எனக்கு நோய் இருக்கிறது என்பதுதான் பொருளா? குழந்தைக்கு வராமல் தடுக்கப் பிறந்தவுடன் ஊசி போடுவார்கள் என்று ஒருவர் சொல்கிறார், அது உண்மையா? சிசேரியன் செய்துகொள்வது பாதுகாப்பானதா? தாய்ப்பால் கொடுக்கலாமா? குழந்தைக்கு எப்போது பரிசோதனை செய்ய வேண்டும்? என் மூத்த குழந்தையைப் பற்றி நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

பதில் – நுண்ணோக்கி

சகோதரி, நான் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உங்கள் கையில் இருக்கும் தாளைப் போன்ற தாள்களைத் தயாரிப்பதுதான் என் அன்றாட வேலை என்பதால், முதலில் அந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

உங்களுக்குச் செய்யப்பட்டது ஆன்டிபாடி பரிசோதனை. ஒரு கிருமி உடலுக்குள் நுழைந்தால் அதை எதிர்க்க உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருளைத்தான் அது தேடுகிறது. கிருமியை அது நேரடியாகத் தேடுவதில்லை. எனவே 'ரியாக்டிவ்' என்றால் வாழ்வில் எப்போதோ ஒரு சமயம், கல்லீரலைத் தாக்கும் இந்த ஹெபடைடிஸ் சி வைரஸ் உங்கள் உடலுக்குள் வந்திருக்கக்கூடும் என்பது மட்டுமே பொருள். தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, மருந்து ஏதும் இல்லாமலேயே, முதல் ஆறு மாதங்களுக்குள் உடலே வைரஸை முழுவதுமாக வெளியேற்றிவிடுகிறது. ஆனால் அவர்களுக்கும் எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் இரத்தத்தில் நீடிக்கும். மருந்தால் குணமானவர்களுக்கும் அப்படியே. இவை தவிர, நோயே இல்லாதவருக்குப் பரிசோதனை தவறாகத் தூண்டப்பட்டு 'ரியாக்டிவ்' காட்டுவதும் உண்டு. நோய் குறைவாகப் பரவியிருக்கும் மக்களிடையே அனைவருக்கும் பரிசோதனை செய்யும்போது இத்தகைய பொய்யான முடிவுகளின் பங்கு கூடுகிறது.

ஆகவே வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை அறியப் பொதுவாகச் செய்வது ஆர்.என்.ஏ. பரிசோதனைதான். பி.சி.ஆர். என்றும் வைரல் லோடு என்றும் மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். இது வைரஸின் மரபுப் பொருளையே தேடுகிறது. உங்கள் மருத்துவர் சொன்ன 'இன்னொரு இரத்தப் பரிசோதனை' இதுவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் பதினோரு நாள்கள் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நாளைக்கே தொலைபேசியில் கேட்டு, பரிசோதனைச் சீட்டை மட்டும் எழுதித் தரச் சொல்லி இரத்தம் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருகையின்போது முடிவு கையில் இருக்கும்.

இங்கே என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் பரிசோதனை 'ரியாக்டிவ்' என்று வந்ததும், அதே இரத்த மாதிரியிலேயே ஆர்.என்.ஏ. பரிசோதனையையும் கூடமே செய்துவிட முடியும். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படிச் செய்வதைத்தான் பரிந்துரைக்கிறது. இருந்தும் பல இடங்களில் கர்ப்பிணியை வீட்டுக்கு அனுப்பி, மறுபடி வரச் சொல்லி, மறுபடி ஊசி குத்துகிறார்கள். இதற்கிடையில் பிரசவம் ஆகிவிடுகிறது, வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள், இரண்டாவது பரிசோதனை நடக்காமலேயே போய்விடுகிறது. முதல் தாள் மட்டும் 'ரியாக்டிவ்' என்று இருந்து, அதற்குப் பின் எதுவுமே இல்லாத கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆர்.என்.ஏ. 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு இல்லை என்றே கொள்ளலாம், ஏனெனில் தாயின் இரத்தத்தில் வைரஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது குழந்தைக்குப் போகும். 'கண்டறியப்பட்டது' என்று வந்தாலும் மனம் உடைந்துவிட வேண்டாம். வைரஸ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்குத்தான் தொற்று ஏற்படுகிறது, தாய்க்கு எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்திருந்தால் அது ஏறத்தாழ இரு மடங்காகிறது. உங்களுக்கு எச்.ஐ.வி. இல்லை என்று முதல் கர்ப்பத்தில் வந்திருக்கிறது; இந்த முறையும் அதைச் செய்திருப்பார்கள், தாளில் பாருங்கள்.

குழந்தையின் பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில்தான் அதிகமான குழப்பம் நேர்கிறது. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சென்றுவிடும். எனவே பிறந்த குழந்தைக்கு ஆன்டிபாடி பரிசோதனை செய்தால், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'ரியாக்டிவ்' என்றுதான் வரும். அந்த எதிர்ப்பொருள் தாயிடமிருந்து இரவல் வாங்கியது. அது முற்றிலும் மறைய 18 மாதங்கள் வரை ஆகலாம். அதனால்தான் முன்பெல்லாம் 18 மாதம் முடிந்த பிறகு பரிசோதனை செய்யச் சொன்னார்கள். ஆனால் ஒன்றரை ஆண்டு என்பது நீண்ட காலம், அதற்குள் பல குழந்தைகள் கண்காணிப்பிலிருந்து நழுவிவிட்டார்கள். இதை உணர்ந்துதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023 நவம்பரில் தன் பரிந்துரையை மாற்றியது. இப்போது, குழந்தைக்கு 2 முதல் 6 மாதத்துக்குள் ஒரே ஒரு ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்தால் போதும். அதில் வைரஸ் இல்லை என்று வந்தால், வேறு அறிகுறி ஏதும் இல்லாதவரை, தொடர் பரிசோதனையே தேவையில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பே அவசரப்பட்டுச் செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள். பிறந்த முதல் நாள்களில், தொற்று ஏற்பட்ட குழந்தையிடமும் வைரஸ் கண்டுபிடிக்கப்படாமல் போகலாம். தொப்புள்கொடி இரத்தத்தில் செய்வதும் சரியன்று, அதில் தாயின் இரத்தம் கலந்திருக்கக்கூடும்.

மூத்த குழந்தைக்கு நான்கு வயது ஆகிவிட்டதால், தாயின் எதிர்ப்பொருள் எப்போதோ மறைந்திருக்கும். எனவே அவனுக்கோ அவளுக்கோ சாதாரண ஆன்டிபாடி பரிசோதனையே முதலில் போதுமானது. அது 'ரியாக்டிவ்' என்று வந்தால் மட்டும் ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும். உங்கள் ஆர்.என்.ஏ. முடிவு வந்த பிறகு இதைச் செய்தால் போதும் என்றாலும், உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், காத்திருக்காமல் செய்துவிடுவதிலும் தவறில்லை.

பதில் – தாழம்பூ

சகோதரி வைகறைக்கு, நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. இந்தப் பாதையில் ஒரு முறை நடந்து வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் மகள் பிறப்பதற்கு முன்பே எனக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது உறுதியாகிவிட்டது. பிரசவம் நடந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அது தெரியும். என் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதியே வைத்திருந்தார்கள். ஆனால் குழந்தை பிறந்ததும் அவளுக்கென்று தனிக் கோப்பு, தனி எண், தனி மருத்துவர் என்று ஆகிவிட்டது. என் கோப்பில் இருந்த சிவப்பு எழுத்து அவளுடைய கோப்புக்கு வரவே இல்லை. குழந்தைக்கு 18 மாதம் ஆனதும் பரிசோதனை செய்யுங்கள் என்று ஒரு செவிலியர் வாய்மொழியாகச் சொன்னது உண்மைதான். ஆனால் பிரசவம் முடிந்து இரண்டாம் நாள், தையல் வலியோடு, பால் குடிக்க மறுக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்றரை ஆண்டுக்குப் பின் செய்ய வேண்டிய ஒன்று எப்படி நினைவில் நிற்கும்? இதற்கிடையில் நாங்கள் வீடு மாறினோம், குழந்தை மருத்துவரும் மாறினார். தடுப்பூசி ஒவ்வொன்றும் தேதி தவறாமல் போடப்பட்டது. அந்த ஒரு பரிசோதனை மட்டும் யாருடைய பட்டியலிலும் இல்லை.

மகளுக்கு இரண்டரை வயது ஆனபோது, வேறு ஏதோ காய்ச்சலுக்காக எடுத்த இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் சற்றுக் கூடியிருந்தன. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஆன்டிபாடி, பிறகு ஆர்.என்.ஏ. என இரண்டும் செய்தோம், இரண்டிலும் இருந்தது.

அந்த வாரத்தை நான் விவரிக்க விரும்பவில்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். குழந்தைகளின் கல்லீரல் நோய்களைப் பார்க்கும் மருத்துவர் எங்களை நிதானமாக உட்கார வைத்துப் பேசினார். தாயிடமிருந்து தொற்றுப் பெற்ற குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு, நான்கில் ஒருவர் முதல் ஐந்தில் இருவர் வரை, முதல் சில ஆண்டுகளில் வைரஸ் தானாகவே மறைந்துவிடுகிறது என்றும், மறையாதவர்களுக்கும் சிறு வயதில் கல்லீரல் பெரிதாகப் பாதிக்கப்படுவது அரிது என்றும், மூன்று வயது நிறைந்தால் மருந்து கொடுக்கலாம் என்றும் விளக்கினார். மூன்று வயது முடிந்தும் வைரஸ் போகவில்லை. மருந்தைத் தொடங்கினோம்.

மாத்திரையை விழுங்கத் தெரியாத வயது என்பதால் சிறு மணிகள் போன்ற துகள்களாக மருந்து வந்தது. மென்மையான உணவில் ஒரு கரண்டியில் தூவிக் கொடுக்க வேண்டும். கடித்தால் கசக்கும் என்பதால் மெல்லாமல் விழுங்கச் சொல்லிப் பழக்க வேண்டும். முதல் நாள் அவள் கடித்துவிட்டாள், முகத்தைச் சுளித்து எல்லாவற்றையும் துப்பிவிட்டாள். மூன்றாம் நாளிலிருந்து பழகிக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், 12 வாரங்கள். மருந்து முடிந்து இன்னொரு 12 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் இல்லை. அதைத்தான் குணமானதற்கு அடையாளமாகக் கொள்கிறார்கள்.

என் மகள் நன்றாக இருக்கிறாள். ஆனாலும், இரண்டரை ஆண்டுகள் அது எங்களுக்குத் தெரியாமலேயே இருந்தது என்பதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆகவே உங்களுக்கு ஆர்.என்.ஏ. 'கண்டறியப்பட்டது' என்று வந்தால், அந்தச் செய்தி உங்கள் கோப்பிலிருந்து குழந்தையின் கோப்புக்கு மாறியதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே மருத்துவமனையை விட்டுக் கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் தாளில் குழந்தையின் பெயருக்குக் கீழே அது எழுதப்பட்டிருக்க வேண்டும். தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பரிசோதனை செய்ய வேண்டிய தேதியை உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். குழந்தை மருத்துவரிடம் முதல் முறை போகும்போதே, அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பதில் – மருதாணி

நான் மகப்பேறு வார்டில் செவிலியராக இருக்கிறேன். மேலே இருவரும் எழுதியவற்றோடு, நீங்கள் கேட்ட மற்றவற்றுக்கும் விடை சொல்கிறேன் சகோதரி.

பிறந்தவுடன் போடும் ஊசி என்று உங்களிடம் சொன்னவர் ஹெபடைடிஸ் பி-யை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். பி-க்குத் தடுப்பூசி உண்டு, அதை எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாய்க்கு பி இருந்தால் அதனுடன் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் போடுவார்கள். சி-க்கு இதுவரை தடுப்பூசி கிடையாது, பிறந்த குழந்தைக்குப் போட்டுத் தடுக்கக்கூடிய ஊசி எதுவும் கிடையாது. பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபடுகிறது என்றாலும் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று உறவில்லாத வைரஸ்கள்.

சிசேரியன் செய்வதால் குழந்தைக்குத் தொற்று குறைவதாகத் தெரியவில்லை. எனவே ஹெபடைடிஸ் சி என்ற ஒரே காரணத்துக்காக அதைச் செய்ய வேண்டியதில்லை. மகப்பேறு மருத்துவத்தில் வேறு காரணம் இருந்தால் மட்டுமே செய்வார்கள். சுகப்பிரசவத்தின்போது குழந்தையின் தலைத்தோலில் சிறு கம்பியைப் பொருத்தி இதயத்துடிப்பைப் பார்க்கும் முறையையும், குழந்தை வெளிவரும் வழியை அகலப்படுத்த அவசியமில்லாமல் சிறிது வெட்டுவதையும் கூடுமானவரை தவிர்ப்போம். பனிக்குடம் உடைந்த பின் நெடுநேரம் காத்திருக்க விடமாட்டோம். இவற்றைக் கவனிக்க வேண்டுமென்றால் பிரசவ அறையில் இருப்பவர்களுக்கு உங்கள் முடிவு தெரிந்திருக்க வேண்டும், ஆகவே வலியெடுத்து வரும்போது ஆர்.என்.ஏ. தாளைக் கையோடு கொண்டுவாருங்கள்.

தாய்ப்பாலைத் தாராளமாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலால் ஹெபடைடிஸ் சி பரவுவதில்லை. இதில் வீட்டார் யார் என்ன சொன்னாலும் நீங்கள் உறுதியாக இருங்கள், ஏனென்றால் தேவையில்லாத பயத்தால் பால் நிறுத்தப்பட்ட குழந்தைகளைப் பார்த்து நான் மிகவும் வேதனைப்பட்டிருக்கிறேன். ஒரே ஒரு விதிவிலக்கு: முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால், அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சி வெளியே ஊற்றிவிட்டு, புண் ஆறும்வரை மறு பக்கத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் வெடித்திருந்தால், ஆறும்வரை இரண்டையும் நிறுத்திவைக்க வேண்டும். பால் வற்றாமல் இருக்கப் பீய்ச்சுவதை மட்டும் விடக் கூடாது. பெரும்பாலான வெடிப்புகள் குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வுவதால் வருகின்றன. காம்பைச் சுற்றியுள்ள கருமையான பகுதியும் வாய்க்குள் போகும்படி குழந்தையைப் பிடிக்க, முதல் நாளிலேயே செவிலியரை அருகில் உட்காரச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் சி உள்ள கர்ப்பிணிகளுக்குப் பித்தநீர் தேங்கும் பிரச்சினை மற்றவர்களை விடச் சற்று அதிகமாக வருகிறது. கடைசி மாதங்களில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், அதிலும் இரவில், தாங்க முடியாத அரிப்பு வந்தால் அதைச் சாதாரணத் தோல் வறட்சி என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள், அது குழந்தையின் பாதுகாப்போடு தொடர்புடையது.

வீட்டில் கட்டிப்பிடிப்பதாலும், முத்தமிடுவதாலும், ஒரே தட்டில் உண்பதாலும் இது பரவாது. பல் துலக்கும் தூரிகை, முகம் மழிக்கும் சவரக்கத்தி, நகவெட்டி போன்று இரத்தம் பட வாய்ப்புள்ள பொருள்களை மட்டும் தனியாக வைத்துக்கொண்டால் போதும். எப்படி வந்தது என்ற கேள்விக்கு, பலருக்கும் இறுதிவரை விடை கிடைப்பதே இல்லை. இந்த வைரஸ் 1989-இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன் ஏற்றப்பட்ட இரத்தத்தில் இதைத் தேடும் வழியே இருக்கவில்லை, அதன் பிறகும் பரிசோதனை எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் வந்துசேரவில்லை. சரியாகக் கிருமி நீக்கப்படாத ஊசி, பல் மருத்துவக் கருவி, பச்சை குத்தும் ஊசி என வழிகள் பல. இதில் ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைத் தேடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. இந்த வரியை வீட்டில் சத்தமாகவே படித்துக் காட்டுங்கள்.

வைகறை

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மருதாணி அக்கா எழுதியதை நேற்றிரவு அப்படியே வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் யாரும் பேசவில்லை, பிறகு என் கணவர் தானும் ஒரு முறை பரிசோதனை செய்துகொள்வதாகச் சொன்னார்.

காத்திருக்காமல் இரத்தம் கொடுத்தேன். ஆர்.என்.ஏ. 'கண்டறியப்பட்டது' என்று வந்திருக்கிறது. மூத்தவளுக்கு ஆன்டிபாடி 'நான் ரியாக்டிவ்'. அந்தத் தாளைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு பல நாள்களுக்குப் பின் தூங்கினேன்.

இன்னும் ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. இப்போதே மருந்து எடுத்துக்கொண்டால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வராமல் தடுக்க முடியாதா?

பதில் – கார்முகில்

நான் கல்லீரல் நோய்ப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். உங்கள் கேள்வி மிக நியாயமானது, ஆராய்ச்சியாளர்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஹெபடைடிஸ் சி-க்கு இப்போதுள்ள மாத்திரைகள் 8 அல்லது 12 வாரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோரைக் குணப்படுத்துகின்றன. கர்ப்ப காலத்தில் இவற்றைக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளின் முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் வயிற்றிலுள்ள குழந்தைக்கு முற்றிலும் பாதுகாப்பானவை என்று சொல்லும் அளவுக்குப் போதிய எண்ணிக்கையில் தரவுகள் இன்னும் சேரவில்லை. எனவே பொதுவான நடைமுறை, பிரசவம் முடிந்த பிறகு சிகிச்சை தருவதுதான். குறிப்பிட்ட சூழலில் மருத்துவரும் கர்ப்பிணியும் கலந்து பேசி முடிவெடுப்பதும் உண்டு. ரிபாவிரின் என்ற பழைய மருந்து மட்டும் கருவுக்குக் கேடு விளைவிக்கும் என்பது உறுதி, ஆகவே அதைக் கர்ப்ப காலத்தில் கண்டிப்பாகத் தொடக் கூடாது. நீங்கள் ஏற்கெனவே 30 வாரங்களைக் கடந்துவிட்டதால், 12 வார மருந்தை இப்போது தொடங்கினால் அது பிரசவத்துக்குப் பிறகும் நீளும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நான் உங்களிடம் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. கர்ப்பத்தில் நோய் கண்டறியப்பட்ட பெண்களில் பலர் குழந்தையின் பரிசோதனையை நினைவாகச் செய்கிறார்கள். தங்கள் சிகிச்சைக்கு மட்டும் வருவதே இல்லை. குழந்தைக்கு இல்லை என்று தெரிந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் வைரஸ் தாயின் கல்லீரலில் எந்த வலியும் இல்லாமல் இருபது, முப்பது ஆண்டுகள் வேலை செய்து, கல்லீரல் தழும்பேறி இறுகும் இழைநார் வளர்ச்சியிலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடியது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்த நாள்பட்ட தொற்றுடன் வாழ்கிறார்கள் என்றும், 2022-இல் மட்டும் ஏறத்தாழ 2,42,000 பேர் இதனால் இறந்தார்கள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. குணப்படுத்தும் மாத்திரை கையில் இருக்கும் ஒரு நோய்க்கு இத்தனை பேரை இழப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மேலும், உங்களுக்கு இப்போது குணமாகிவிட்டால், பின்னொரு காலத்தில் இன்னொரு குழந்தை பிறக்கும்போது இந்தப் பதற்றம் எதுவும் இருக்காது.

எனவே பிரசவத்துக்கு முன்பே கல்லீரல் மருத்துவரிடம் ஒரு நாள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கு முதலில் உங்கள் ஆர்.என்.ஏ.-வை மறுபடி பார்ப்பார்கள், ஏனெனில் பிரசவத்துக்குப் பின் நோய் எதிர்ப்பாற்றல் மீண்டும் கூடும்போது சிலருக்கு வைரஸ் தானாகவே மறைந்துவிடுகிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் கல்லீரல் நொதிகள் குறைந்து காட்டுவதும் வழக்கம் என்பதால், இப்போது அவை இயல்பாக இருப்பதை வைத்துக் கல்லீரலுக்குச் சேதமில்லை என்று முடிவு கட்டக் கூடாது. அதைத் தனியாக அளந்து பார்ப்பார்கள். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்பதையும் மருந்துக்கு முன் கட்டாயம் பார்ப்பார்கள், ஏனென்றால் சி-யை ஒழிக்கும்போது உறங்கிக் கிடக்கும் பி விழித்துக்கொள்ளக்கூடும். வயிற்று எரிச்சலுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். சில மருந்துகள் இரைப்பையில் அமிலம் குறைந்தால் உடலில் சரியாகச் சேர்வதில்லை.

தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இந்த மாத்திரைகளைச் சாப்பிடுவது பற்றியும் தரவுகள் குறைவு. அவசரமில்லாத நிலையில் பலர் பால் நிறுத்தும்வரை சிகிச்சையைத் தள்ளி வைக்கிறார்கள், சிலர் மருத்துவருடன் பேசி முன்னதாகவே தொடங்குகிறார்கள். உங்கள் கல்லீரலின் நிலை தெரிந்தால் இதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது தெளிவாகும். தள்ளி வைப்பதாக இருந்தால், எந்த மாதம் வரை என்று அன்றைக்கே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வைகறை

பல மாதங்களுக்குப் பின் இங்கு வருகிறேன். மகன் பிறந்து இப்போது 11 வாரங்கள் ஆகின்றன. சுகப்பிரசவம்தான். தாழம்பூ அக்கா சொன்னபடி டிஸ்சார்ஜ் தாளில் அவன் பெயருக்குக் கீழே எழுதும்வரை கட்டிலை விட்டு இறங்கவில்லை. முதலில் எழுதாமல்தான் கொண்டுவந்தார்கள், திருப்பி அனுப்பி எழுதி வாங்கினேன். இடது பக்கம் ஒரு முறை வெடித்து இரத்தம் வந்தது, நான்கு நாள்கள் அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சி ஊற்றினேன், பிறகு சரியாகிவிட்டது.

ஒன்பதாவது வாரத்தில், தடுப்பூசி போட்ட அதே நாளில், அவன் கையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது; அவன் அழுததை விட நான் அதிகமாக அழுதேன். முடிவு நேற்று வந்தது. ஆர்.என்.ஏ. கண்டறியப்படவில்லை.

எனக்கு வைரஸ் இன்னும் இருக்கிறது. கல்லீரலில் பெரிய சேதம் இல்லை என்பதால், மகனுக்கு ஆறு மாதம் ஆனதும் எப்போது தொடங்கலாம் என்பதை மறுபடி பேசி முடிவு செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்தத் தேதியை அவனுடைய தடுப்பூசிப் புத்தகத்திலேயே, அவன் முடிவுக்கு அடுத்த வரியில், என் பெயர் போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.